சீழ் எங்கே தொடங்குகிறது?

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் நின்றால் நாலு பக்கமும் ஆஸ்பத்திரிக்கு வழி இருக்கிறது. கிழக்கே சிதம்பரம், அண்ணாமலைநகரில் முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இருந்த மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. மேற்கே விருத்தாசலத்தில் அரசு மருத்துவமனை. வடக்கே வடலூர், பண்ருட்டி வழியாகப் போனால் புதுச்சேரி ஜிப்மர். மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேதான். தெற்கே கும்பகோணம், தஞ்சாவூர். கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ புற்றுநோய் என்று தெரிந்த பெண்கள் இந்தச் சாலைகளில் எதையாவது பிடித்துப் போய், ஆபரேஷன் முடித்துத் திரும்புகிறார்கள். வீடு வந்து சேர்ந்த சில நாளில் தையல் போட்ட இடம் சிவந்து, கசிந்து, சீழ் வைக்கிறது. எல்லோருக்கும் அல்ல. ஆனால் வைக்கிறவர்களில் பலருக்கு அது வீட்டில்தான் வெளியே தெரியும், வார்டில் அல்ல.

அறுவை நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தெரியவரும் தொற்றைத்தான் மருத்துவர்கள் அறுவைப் புண் தொற்று என்று கணக்கில் எழுதுவார்கள். தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் மட்டும் பழுத்தால் மேல்தொற்று. தசையும் தசையுறையும் பாதிக்கப்பட்டால் ஆழத்தொற்று. கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே, வயிற்றுக்குள் சீழ் கட்டுவது மூன்றாவது வகை. வெளித்தையல் பார்க்க அழகாக ஆறியிருக்கும், உள்ளே காய்ச்சல் கொதிக்கும். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் அறுவை செய்துகொள்ளும் 100 பேரில் 11 பேருக்கு இப்படி ஏதோ ஒரு தொற்று வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது எல்லா வகை அறுவைக்குமான கணக்கு. பெண்ணுறுப்புப் புற்றுநோய் அறுவைகளில் ஆபத்து கூடுதல் என்று சொல்லப் பல காரணங்கள் இருக்கின்றன.

சீழ் வைத்ததும் குடும்பத்தில் இரண்டு கட்சி பிரியும். ஒன்று, ‘ஆஸ்பத்திரி சுத்தமில்லை’. இன்னொன்று, ‘பருப்பு சேர்த்ததால்தான் சீழ் வச்சது’. முதல் கட்சியிடம் ஓரளவு நியாயம் இருக்கலாம். இரண்டாவது கட்சியிடம் அறவே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம். இரண்டு கட்சியும் கவனிக்காதது ஒன்று உண்டு. எந்தப் பெண்ணுக்குச் சீழ் வைக்கும் என்பதில் பெரும்பங்கு, கத்தி படுவதற்கு முன்பே அவள் உடம்பில் தீர்மானமாகிவிடுகிறது. அதிலும் எந்த உறுப்பில் புற்று வந்ததோ, அந்த நோயே தனக்குரிய ஆபத்தைக் கையோடு கூட்டிவருகிறது.

கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்று சில வருடம் கழித்து மீண்டும் ரத்தம் பட்டு, பயந்துபோய் மருத்துவரிடம் வருகிற பெண்களிடம் காணப்படுவது இது. மாதவிலக்கு நின்றபிறகு சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. ஆனால் உடம்பின் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும், கர்ப்பப்பையின் உட்சுவரை ஓயாமல் தூண்டும். அதனால் இந்தப் புற்று அதிகம் வருவது பருமனான பெண்களுக்கு. அவர்களில் பலருக்குச் சுகரும் இருக்கும். அதே பருமனும் அதே சுகரும்தான் அறுவைப் புண்ணின் முதல் இரண்டு எதிரிகள். வயிற்றுக் கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது, ஆன்டிபயாடிக்கும் போதுமான அளவு சேராது. தடித்த கொழுப்பைத் தைக்கும்போது அடியில் இடைவெளி விழுந்து அதில் நீர் கோக்கும்; கிருமிக்கு அது விருந்து. சர்க்கரை ஏறிய ரத்தத்திலோ கிருமியை விழுங்கவேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. நோயைக் கொண்டுவந்த உடல்வாகே புண்ணையும் ஆறவிடாமல் செய்கிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றின் கதை வேறு. இங்கே பெண் பெரும்பாலும் பருமனாக இருக்கமாட்டாள்; வெளுத்துப்போய் இருப்பாள். மாதக்கணக்கில் ரத்தம் கசிந்து, ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கியபிறகுதான் பலர் வருகிறார்கள். பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனைச் சுமக்க ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் இல்லாமல் மேசைக்குப் போனால் இரண்டு மூன்று பாட்டில் ஏற்றவேண்டி வரும். ஏற்றிய ரத்தம் உயிர் காக்கும். ஆனால் பிறர் ரத்தம் நோய் எதிர்ப்பைச் சற்று அடக்கிவைக்கிறது என்பதால், ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்குத் தொற்று கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாக்குறைக்கு அழுகிய கட்டியே காற்றில்லாமல் வாழும் கிருமிகளின் கூடாக இருக்கும். வெள்ளைப்படுதலில் வீசும் அந்த நாற்றம் அவற்றின் வேலைதான்.

இன்னொரு விஷயம், இந்தப் புற்றுக்கு எல்லோருக்கும் அறுவை கிடையாது. முற்றிவிட்டால், கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சும் கீமோவும்தான். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் அறுவையும் சிறிது, புண்ணும் சிறிது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்ததில், இந்தப் புற்றால் இறப்போர் 35 சதவீதம் குறைந்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு அது. இன்று அந்தச் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனாலே போதும். நம் பெண்கள் போவதில்லை.

சினைப்பைப் புற்றில் வயிறு நீர் கோத்து உப்பியிருக்கும், முகமும் தோளும் வற்றியிருக்கும். அந்த நீர் வெறும் தண்ணீர் அல்ல. உடம்பின் புரதம் அதில் இறங்கிக்கிடக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆல்புமின் என்றொரு வரி இருக்கும். அது 3.5-க்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றுக்கும் வாய்ப்பு கூடும். சுகர் எவ்வளவு என்று கேட்காத குடும்பம் இல்லை. ஆல்புமின் எவ்வளவு என்று கேட்கும் குடும்பத்தைத் தேடவேண்டியிருக்கிறது. இந்த அறுவையில் வயிற்றை மேலிருந்து கீழ்வரை திறந்து, புற்று ஒட்டிய இடத்தையெல்லாம் உரித்தெடுக்கிறார்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். குடலில் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் வெட்டி இணைக்க வேண்டிவரும். குடல் திறந்த கணமே அதிலுள்ள கிருமிகள் வயிற்றுக்குள் வந்துவிடும். இந்த வகையில் அறுவையின் அளவே ஆபத்தின் அளவு.

பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்று அரிது. ஆனால் புண் விஷயத்தில் இதுதான் மிக மோசம். இரண்டு தொடை இடுக்கிலும் நெறிகளை அறுத்தெடுக்கிறார்கள். எப்போதும் வியர்வை, மடிப்பு, உராய்வு, பக்கத்திலேயே சிறுநீரும் மலமும். நெறி போன இடத்தில் நிணநீர் தேங்கும். இதில் புண் பிளந்துகொள்வது அவ்வளவு சகஜம் என்பதாலேயே, இப்போது ஆரம்ப நிலையில் எல்லா நெறிகளையும் எடுக்காமல், புற்று பரவினால் முதலில் எட்டும் ‘காவல் நெறி’யை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறைக்குப் போகிறார்கள்.

கர்ப்பப்பையை எடுக்கவேண்டிய புற்று எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வாசலும் உண்டு. கர்ப்பப்பையை எடுக்கும்போது யோனியின் மேல்முனையைத் திறந்துதான் ஆகவேண்டும். அங்கே இயல்பாகவே கிருமிகள் குடியிருக்கின்றன. தோலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் உள்ளே ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அதனால்தான் கண் அறுவை போலவோ தைராய்டு அறுவை போலவோ இதை முழுச் சுத்தமான அறுவை என்று மருத்துவம் வகைப்படுத்துவதில்லை. முன்பே கரண்ட் வைத்த இடமாக இருந்தால் இன்னும் கடினம்; கதிர்வீச்சு சின்ன ரத்தக்குழாய்களை இறுகவைத்துவிடும், அந்தத் தோலும் தசையும் பழையபடி ஆறாது.

அறுவை அரங்கில் ஆஸ்பத்திரியின் பங்கு தொடங்குகிறது. வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் 1898-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பெரிய அறுவையைத் தொடங்கியபோது, ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே கிடையாது. அவர் கையில் இறந்த பெண்கள் பலர். அதே வியன்னாவில்தான், அதற்கு ஐம்பது ஆண்டு முன்பு, கை கழுவச் சொன்ன செம்மல்வைசைச் சக மருத்துவர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள். இன்று நிலைமை எவ்வளவோ மேல். தோலைக் கீறுவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுவிடுகிறார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அறுவை நீண்டாலோ ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ இன்னொரு முறை போடவேண்டும். மேசையில் கிடக்கும் உடம்பு குளிர்ந்துபோனால் தோலுக்கு ரத்தம் போவது குறையும் என்பதால் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றினால் என்ன ஆகும் என்று இந்தியா உட்பட ஏழு நாடுகளில் பதின்மூன்றாயிரம் பேரிடம் சோதித்தார்கள், தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமானது. 2022-இல் வந்த முடிவு. மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஒரு ஜோடி கையுறை.

துளை வழியாக, லேப்ராஸ்கோப்பியில் செய்தால் புண் சின்னதுதானே, எல்லோருக்கும் அப்படியே செய்யக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றில் அது சரியான கேள்வி; முடிந்தவர்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள், பருமனான பெண்ணுக்கு அதன் லாபம் மிகப் பெரிது. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் நேர் எதிர். 2018-இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், துளைவழி செய்த பெண்களிடம் புற்று மீண்டும் வந்ததும் இறப்பும் கூடுதலாக இருந்தன. அதனால் அங்கே வயிற்றைத் திறந்தே செய்கிறார்கள். சின்னத் தையல் வேண்டும் என்று மருத்துவரை வற்புறுத்துவதற்கு முன் எந்த இடத்துப் புற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் சீழ் வைத்தாலும் ஆற்றிவிடலாம். திரும்பிவந்த புற்று அப்படியல்ல.

இனி நம் கையில் இருப்பது. அறுவைக்குத் தேதி கிடைத்ததிலிருந்து அந்த நாள் வரையுள்ள இரண்டு மூன்று வாரத்தை நம் வீடுகளில் கோயில், குளம், சொந்தக்காரர் வீடு என்று கழிக்கிறோம். புண்ணைப் பொறுத்தவரை அதுவே மிக முக்கியமான காலம். அறுவைச் சமயத்தில் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கவேண்டும். சுகர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்; புற்றைத் தேடப்போய் முதன்முதலில் சுகர் தெரிந்தவர்கள் நிறைய. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்தால் சர்க்கரை இறங்காது. ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மாத்திரைக்காகக் காத்திருக்க அவகாசம் இருக்காது.

வயல்வேலை செய்யும் பெண்களுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. அதை ‘கெட்ட பழக்கம்’ என்ற கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை, மருத்துவர் கேட்டாலும் ‘இல்லிங்க’ என்றுதான் பதில் வரும். நிக்கோட்டின் வாய் வழியாகப் போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கத்தான் செய்யும். புகைப்பவர்கள் அறுவைக்கு நாலு வாரம் முன்பே விட்டுவிட்டால் பின்விளைவுகள் குறைகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லுகிறவர்களும் அதையே பின்பற்றுவது நல்லது.

நடவுக்காலத்தில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் சொல்லவேண்டும். காலில் புண், வயிற்றில் அறுவை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உடம்பில் வேறெங்காவது தொற்று இருக்கும்போது அறுவை செய்தால் புதுப் புண்ணிலும் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சேற்றுப்புண், சொத்தைப்பல், நீர்க்கடுப்பு, அரிப்போடு வெள்ளைப்படுதல், எதையும் மறைக்காமல் சொல்லி முன்பே ஆற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பிளேடு. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இரவு வீட்டிலேயே சுத்தமாக மழித்துக்கொண்டு போவது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல் விழுந்து, காலைக்குள் ஒவ்வொன்றிலும் கிருமி குடியேறும். சவரம் கூடவே கூடாது என்று 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அழுத்தமாகச் சொல்லிவருகிறது. முடியை அகற்றியே ஆகவேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் கத்தரிப்பார்கள். நீங்கள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும்.

உடம்பு இளைத்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். பருமன் ஆபத்துதான்; ஆனால் மாதக்கணக்கில் தள்ளினால் புற்று காத்திருக்காது.

இப்போது அந்தப் பருப்புக் கட்சி. பருப்பு, முட்டை, மீன், உருளைக்கிழங்கு, பூசணி என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் அறுவை செய்த பெண்ணுக்கு மிஞ்சுவது ரசம் சோறு. கறி மீன் சாப்பிட்டால் கிரந்தி, பருப்பு சீழ் வைக்கும், பூசணி நீர் கோக்கும். ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. சீழ் என்பது கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுவும். அது சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. புதுத் தோல் வளரவும் புது வெள்ளணு பிறக்கவும் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைத்தான் பத்தியம் என்ற பெயரில் பூட்டிவைக்கிறோம். ஏற்கெனவே ஆல்புமின் இறங்கிய பெண்ணுக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. மருத்துவர் குடலைப் பற்றித் தனியாக எச்சரிக்காதவரை தினம் இரண்டு முட்டை, பருப்பு, மீன், தயிர், சுண்டல் எல்லாம் கொடுக்கலாம். வீராணம் ஏரி மீன் கிடைக்கிற ஊரில் ரசம் சோறு போடுவது அநியாயம்.

உடுப்பிலும் கவனம் வேண்டும். அடிவயிற்றுத் தையலுக்கு மேலேயே உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் வியர்வையும் உராய்வும் சேர்ந்து புண்ணை அவிக்கும். ஆறும்வரை தொளதொள நைட்டியே நல்லது. கடலூர் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் தொங்கும் வயிற்று மடிப்பின் கீழே ஈரம் தேங்காமல் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். குளிக்கக்கூடாது என்பதும் தவறு. மருத்துவர் அனுமதித்தால் இரண்டு நாளுக்குப் பிறகு மேலே தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். குளத்திலும் வாய்க்காலிலும் இறங்குவதுதான் கூடாது. மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி, கடையில் விற்கும் மருந்துப்பொடி எதுவும் தையல்மேல் படவேண்டாம்.

எதைப் பார்த்துப் பதறவேண்டும்? தையலைச் சுற்றி லேசான சிவப்பும் வலியும் முதல் சில நாள் இருக்கும், நாளுக்கு நாள் குறையும். குறையாமல் கூடினால் அதுதான் அறிகுறி. பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தொடங்கும்: தொட்டால் சூடு, பரவும் சிவப்பு, சீழ் அல்லது நாற்றம், 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், யோனியிலிருந்து துர்நாற்றக் கசிவு. ஆறிவருகிற புண்ணிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கட்டையே நனைக்கும் அளவுக்கு வந்தால் உள்தையல் விட்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே, அந்த நேரத்திலேயே கிளம்பவேண்டும். அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே தாங்கமுடியாத வலியோடு தோல் கறுத்துப் பரவினால் அது அரிதான, உயிரைப் பறிக்கும் தொற்று.

இந்த நேரத்தில் குறுக்குரோட்டு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுவதுதான் பெரிய தவறு. உள்ளே தேங்கிய சீழ் மாத்திரையால் வற்றாது. ஒன்றிரண்டு தையலைப் பிரித்து வெளியேற்ற வேண்டும், அந்தச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்க்கவேண்டும். முன்பே பாதி மருந்து போட்டுக்கொண்டு போனால் கல்ச்சரில் ஒன்றும் வளராது, உடம்பில் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு நிறைய ஆன்டிபயாடிக் எழுதித்தரவில்லையே என்றும் குறைப்படாதீர்கள். தொற்று இல்லாதவருக்கு அறுவை முடிந்தபின் அதை நீட்டுவதால் பயனில்லை என்பதே இன்றைய வழிகாட்டி.

சீழ் வைத்தால் வலியும் செலவும் மட்டுமல்ல. இந்தப் பெண்களில் பலருக்கு அறுவைக்குப் பிறகு சில வாரத்தில் கீமோவோ கரண்ட்டோ தொடங்கவேண்டும். திறந்த புண்ணோடு கீமோ கொடுக்கமாட்டார்கள். வெள்ளணுக்களை அது மேலும் குறைத்துவிடும். புண் ஆறும்வரை சிகிச்சை தள்ளிப்போகும், தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் புற்றுக்கு லாபம்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவர் கையெழுத்திட்ட சுருக்கச் சீட்டையும் வார்டின் தொலைபேசி எண்ணையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் புதுச்சேரிக்கு ஓடவேண்டியதில்லை. அந்தச் சீட்டைக் காட்டினால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே செய்வார். சந்தேகம் வந்தால் மட்டும் மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அறுவை செய்த இடத்துக்கே போங்கள். அறுவை நாளிலிருந்து 30 நாள் வரை அந்தத் தையலைத் தினமும் வெளிச்சத்தில் யாராவது ஒருவர் பார்க்கவேண்டும். அந்தப் பெண்ணுக்குக் குனிந்து தன் அடிவயிற்றைப் பார்க்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்கவேண்டும்.